பத்தாயமும் தகரக் குதிரும்

இரணியல் என்றதும் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு அங்குள்ள பழைய அரண்மனையே முதலில் நினைவுக்கு வரும். வேணாட்டு வேந்தர்கள் பத்மநாபபுரத்தில் பெரிய அரண்மனையை எழுப்புவதற்கு முன்னர் வீற்றிருந்த இடம் அது. வசந்த மண்டபத்தில் கல்லால் ஆன கட்டில் ஒன்றை இன்றும் காணலாம். அரசர்களைப் பற்றியும் அவர்கள் செய்த போர்களைப் பற்றியும் பேசுவதற்கு அறிஞர் பலர் உளர். நான் இன்று பேசக் கருதியது, அவ்வரசர்களும் அவர்தம் குடிகளும் உண்ட நெல்லைப் பற்றி. அதிலும் குறிப்பாக, அறுவடை முடிந்தபின் அந்த நெல் எந்தக் கூட்டுக்குள் தங்கியிருந்தது, அங்கே அதற்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி.

கொட்டாரம் என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். மலையாளத்திலும் நாஞ்சில் நாட்டுப் பேச்சிலும் அதற்கு அரண்மனை என்பது பொருள். தமிழில் அதற்கு நெற்களஞ்சியம் என்ற பொருளும் உண்டு. திருவரங்கம் கோயிலின் மாபெரும் நெற்களஞ்சியங்களைக் கொட்டாரம் என்றே வழங்குகிறார்கள். அரசன் இருக்கும் இடத்துக்கும் நெல் இருக்கும் இடத்துக்கும் ஒரே பெயரை இட்டு வழங்கிய மக்கள், ஏதோ ஒன்றை நன்றாக உணர்ந்தே அவ்வாறு செய்திருக்க வேண்டும்!

இரணியல், நாஞ்சில் நாட்டை அடுத்து மேற்கே கல்குளம் வட்டத்தில் அமைந்த ஊர். தெற்கே சிறிது தொலைவில் கடல். வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதுவரை திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றிருந்தது நாஞ்சில் நாடு. தமிழகத்தின் மற்ற மாவட்டங்கள் பெரும்பாலும் ஒரு பருவ மழையையே நம்பியிருக்க, இம்மாவட்டம் இரண்டு பருவ மழையையும் பெறுகிறது. இடவப்பாதி என்று மக்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்கள் செல்வதற்குள், ஐப்பசி கார்த்திகை அடைமழை வந்துவிடும். இடைப்பட்ட நாட்களிலும் கடற்காற்றின் ஈரம் குறைவதில்லை.

இரண்டு மழைக்கு இரண்டு பூ. பூ என்றால் இங்கே மலர் அன்று; விளைச்சல். கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. மாசியில் அறுத்த நெல்லுக்கு அச்சம் இல்லை. அடித்துத் தூற்றிக் களத்தில் பரப்பினால் வெயில் தன் வேலையைச் செய்துவிடும். கன்னிப்பூவின் நிலை வேறு. அது களத்துக்கு வரும்போதே கிழக்கே முகில் கூடிவிடுகிறது. அரைகுறையாக உலர்ந்த நெல்லை வீட்டுக்குள் சேர்த்து, அடைமழைக் காலம் முழுவதும் அதைக் காக்க வேண்டும். ஆகவே, ஈரமான ஊரில் ஈரம் போகாத நெல்லை எப்படிக் காப்பது என்பது இப்பகுதி உழவனுக்கு ஏட்டுக் கேள்வி அன்று. ஆண்டுதோறும் வந்து வாசலில் நிற்கும் கேள்வி.

அதற்கு முன்னோர் கண்ட விடை பத்தாயம். பத்தாயம் என்பது நெல் சேர்க்கும் பெரிய மரப் பெட்டி. பலா, அயனி முதலிய மரங்களின் தடித்த பலகைகளைக் காடியில் பொருத்திச் செய்வார்கள். தரையில் படாமல் கால்களின்மேல் நிற்கும். மேலே மூடி வழியாக நெல்லைக் கொட்டி, கீழே உள்ள சிறு வாய் வழியாக எடுத்துக்கொள்வார்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், வீட்டின் உட்புறத்தில், வெயிலும் சாரலும் எட்டாத அறையிலே அதை நிறுத்துவது வழக்கம். பெரிய வீடுகளில் இதற்கெனவே பத்தாயப்புரை என்று தனிக் கட்டடம் இருந்தது. சிறிய குடும்பங்கள் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து உருவாக்கிய குதிரையோ குலுக்கையையோ வைத்திருந்தன.

விதை நெல்லுக்கு வேறு ஏற்பாடு. வைக்கோற்புரியைச் சுற்றிச் சுற்றிப் பந்துபோல் கட்டி, அதனுள் நெல்லை அடைத்து, மேலே சாணம் மெழுகுவார்கள். இதற்குக் கோட்டை என்று பெயர். இந்தக் கோட்டை பிற்காலத்தில் முகத்தல் அளவையாகவும் ஆயிற்று. 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. ஒரு கோட்டை விதையால் விதைக்கக்கூடிய நிலத்தை ஒரு கோட்டை விதைப்பாடு என்றார்கள். விதை காக்கும் பொதியே நெல்லின் அளவாகி, பிறகு நிலத்தின் அளவும் ஆகிவிட்டது. மன்னர் கட்டிய கோட்டைகள் பல மண்ணாகிப் போயின. இந்த வைக்கோற் கோட்டை பல தலைமுறை நின்றது.

மரம், மண், வைக்கோல் ஆகிய மூன்றுக்கும் பொதுவான குணங்கள் இரண்டு. ஒன்று, வெப்பத்தை அவை எளிதில் கடத்துவதில்லை. பகற் சூடும் இரவுக் குளிரும் உள்ளே செல்ல நெடுநேரம் ஆகும். மற்றொன்று, அவை ஈரத்தைக் குடிக்கும். உள்ளே ஈரம் மிகுந்தால் பலகை அதைச் சிறிது உறிஞ்சிக்கொண்டு, வறண்ட நாட்களில் மெல்ல வெளியே விட்டுவிடும். தஞ்சை மாவட்டத்துத் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்தில் கட்டிய செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 36 அடி உயரம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அதன் பருத்த சுவரும் இதே வேலையைப் பேரளவில் செய்தது.

இவ்வளவு நல்ல பத்தாயத்தை விட்டுவிட்டு மக்கள் ஏன் தகரத்துக்குப் போனார்கள்? பழமையைப் போற்றுகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு பெருமூச்சோடு நிறுத்திவிடுகிறார்கள். விடை எளிது. மரத்தை எலி கடிக்கும், கறையான் அரிக்கும். பலகை இடுக்கில் அந்துப்பூச்சியும் வண்டும் குடியேறினால், பத்தாயத்தை வெறுமையாக்கினாலும் அவை போவதில்லை. அடுத்த விளைச்சலுக்காகக் காத்திருக்கும். வைக்கோற் கோட்டை எலிக்கு ஒரு தடையே அன்று. நெல் மிகுந்த காலத்தில் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பஞ்சத்தில் பொறுக்க முடியுமா? திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே தருவித்து வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் உணவாயிற்று. அத்தகைய ஆண்டுகளைக் கண்டவர்களுக்கு எலி தின்னும் ஒவ்வொரு படி நெல்லும் குழந்தையின் வாயிலிருந்து பறிபோவதாகவே தோன்றியிருக்கும்.

விடுதலைக்குப் பின் அரசும் இதில் கருத்தைச் செலுத்தியது. 1958-இல் உத்தரப் பிரதேசத்து ஹாப்பூரில் தானிய சேமிப்பு ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு நிலையம் ஏற்பட்டது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டால் அங்கே வகுத்த உருளை வடிவக் களஞ்சியம், அவ்வூரின் பெயராலேயே நாடெங்கும் அறிமுகமாயிற்று. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்தது நம் தஞ்சாவூரில்தான். தானியக் காப்பு இயக்கமும் அதே காலத்தில் தொடங்கிற்று. தகரக் குதிர் சிற்றூர் வீடுகளுக்குள் நுழைந்த வரலாறு இதுவே. எலியின் பல் அதில் ஏறாது. கறையான் அணுகாது. மூடியை இறுக்கிவிட்டால் புறத்தே பெய்யும் மழையில் ஒரு துளியும் உள்ளே போகாது.

ஆயினும் உள்ளே நீர் இருந்தது!

இரணியல் பகுதியில் நான் கண்ட ஒரு வீட்டில் இது நேர்ந்தது. மச்சின் மேல் தகரக் கூரை. கூரையை ஒட்டித் தகரக் குதிர். புரட்டாசியில் நிறைத்து மூடிய நெல்லைத் தை மாதம் திறந்தபோது, மேலே ஒரு சாண் ஆழத்துக்கு நெல் கறுத்துக் கட்டியாகி இருந்தது. மூடிக்கு நேர் கீழே சில மணிகள் முளைவிட்டு வெளிறிப்போய்க் கிடந்தன. மூடியில் ஓட்டை ஒன்றும் இல்லை. வீட்டார் விளக்கைப் பிடித்துப் பார்த்துத் தேடினார்கள். கீழே இருந்த நெல்லிலும் பூசண நாற்றம் ஏறியிருந்தது. அடுத்த விதைப்புக்கென ஒதுக்கிய நெல் அது. அவ்வீட்டு முதியவள் என்னிடம் சொன்னாள்: “பத்தாயம் வேர்க்காது மக்களே, தகரந்தான் வேர்க்கும்.” நூறு பக்க நூல் ஒன்றின் முதல் அதிகாரத்தை அந்த அம்மையார் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

தகரம் வேர்ப்பது ஏன் என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாறும் சுவையானது. வைகறையில் புல் நனைந்திருப்பதைக் கண்டு, பனி பெய்தது என்கிறோம். எல்லா மொழிகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லுகிறார்கள். பனி வானிலிருந்து பெய்வதன்று என்பதை ஐயமின்றிக் காட்டியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ். அவர் எழுதிய பனி பற்றிய ஆராய்ச்சி 1814-இல் வெளிவந்தது. இரவுதோறும் ஒரு தோட்டத்தில், நிறுத்து வைத்த கம்பளி மயிர்த் துணுக்குகளைப் பரப்பி, விடியுமுன் மீண்டும் நிறுத்துப் பார்த்தார். கால்கள் வைத்து உயர்த்திய ஒரு பலகையின் மேலே வைத்த துணுக்கு மிகுந்த பனியை ஏற்றது; அதே பலகையின் அடியில் கட்டிய துணுக்கு மிகக் குறைவாகவே ஏற்றது. திறந்த வானத்தை நோக்கி நிற்கும் பொருள் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சூழ்ந்துள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. அந்தக் குளிர்ந்த பொருளைத் தொடும் காற்றின் ஆவி நீராக மாறி அதன்மேல் படிகிறது. இதுவே வெல்ஸ் கண்ட உண்மை. வானத்துக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு பலகை இருந்தாலும் போதும், பனி குறைந்துவிடும். இந்தப் பலகையை மறந்துவிடாதீர்கள். பிறகு அது நமக்குப் பயன்படும்.

இடையே ஒரு செய்தி. இத்தகைய வானிலை அளவைகளில் நம் பகுதியும் பின்தங்கி இருக்கவில்லை. 1837-இல் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் ஏற்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஜான் ஆலன் புரூன், 1855-இல் அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு நிலையம் அமைத்தார். காட்டு யானைகளும் அட்டைகளும் நிறைந்த அந்த மலையில் கருவிகளைக் கொண்டுபோய் வைத்துக் கணக்கெடுத்த உழைப்பைத் தனியே ஒரு நாள் பேச வேண்டும்.

இனி வெல்ஸின் பனியைத் தகரக் குதிருக்குள் கொண்டு வருவோம். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய 30 கிராம் ஆவியைத் தாங்கும்; 25 பாகையில் 23 கிராம்; 20 பாகையில் 17 கிராம். ஆவி நிறைந்த காற்றைக் குளிரவைத்தால், தாங்க முடியாத மிகுதி நீராக வெளிப்படும். எந்த வெப்பநிலையில் அது நீராகத் தொடங்குகிறதோ அதைப் பனிபடு நிலை என்கிறோம்.

நெல் மணிகளுக்கு இடையே உள்ள காற்று வறண்ட காற்று அன்று. நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்ப அந்தக் காற்றும் ஆவியை ஏற்றுக்கொள்ளும். நூறு பங்கில் 14 பங்கு ஈரம் உள்ள நெல்லை எடுத்துக்கொள்வோம். நெல் 30 பாகைச் சூட்டில் இருந்தால், அதன் இடைவெளிக் காற்று, தான் தாங்கக்கூடிய ஆவியில் ஏறக்குறைய முக்கால் பங்கை ஏற்றிருக்கும். அதாவது 22 அல்லது 23 கிராம். அந்தக் காற்று 25 பாகைக்குக் குளிர்ந்தாலே பனிபடு நிலை வந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் தகடுகூட மழைக்கால இரவில் 25 பாகைக்கு இறங்கிவிடும். நெல்லின் ஈரத்தை 12 பங்குக்குக் குறைத்துவிட்டால், இடைவெளிக் காற்றில் ஏறக்குறைய 18 கிராம் ஆவியே இருக்கும். அது நீராக வேண்டுமானால் தகடு 21 பாகை வரையில் குளிர வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு குளிர் இரணியலில் வருவதில்லை. பதினாலுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வேற்றுமை, கையால் அளைந்து பார்த்தால் எளிதில் தெரியாது. விதை பிழைப்பதும் அழிவதும் அந்த இரண்டு பங்கில் இருக்கிறது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: “மூடிக்குக் கீழே உள்ள சிறிய இடைவெளியில் எவ்வளவு காற்று இருந்துவிடப் போகிறது? அது முழுதும் குளிர்ந்தாலும் இரண்டு மூன்று கிராம் நீர்தானே கிடைக்கும்? அதனால் ஒரு சாண் நெல் அழுகுமா?” நல்ல கேள்வி. காற்றில் இருக்கும் நீர் மிகச் சிறிது. நெல்லில் இருக்கும் நீரோ மிகப் பெரிது. நூறில் 14 பங்கு ஈரமுள்ள ஒரு டன் நெல்லுக்குள் 140 கிலோ நீர் மறைந்திருக்கிறது. ஏழெட்டுக் குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தகட்டில் ஆவி நீராகிக் காற்று வறண்டதும், நெல் மீண்டும் ஆவியை விட்டு அந்தக் குறையை நிரப்பும். மறுநாள் வெயிலில் தகடு சூடேறினால், தகட்டை ஒட்டிய நெல்லும் சூடேறி மேலும் ஆவியை விடும். அது குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் அன்றிரவு அங்கே நீராகும். நாள்தோறும் சில துளிகள். நூறு நாள்களில் ஒரு சாண் நெல்லை நனைக்க அவை போதும். பத்தாயத்துப் பலகையானால் அந்தத் துளிகளைத் தான் குடித்திருக்கும். தகடு குடிப்பதில்லை, சேர்த்து வைத்து நெல்லின்மேல் சொட்டுகிறது. மரத்தைவிட இரும்பு வெப்பத்தைச் சில நூறு மடங்கு விரைவாகக் கடத்துவதால், பகலின் சூடும் இரவின் குளிரும் தடையின்றி நெல்லைத் தொடுகின்றன.

நனைந்த நெல்லில் பூசணம் பற்றும். பூசணமும் மூச்சு விடும் உயிர். அது தானும் வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியிட்டு அடுத்த மணியைக் கெடுக்கும். முளைக்கும் திறன் போகும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றை உலகம் காலம் தாழ்ந்தே கண்டது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பல்லாயிரக் கணக்கில் மாண்டன. பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃபிளடாக்சின் என்று பெயரிட்டனர். 1974-இல் நம் நாட்டிலேயே, குஜராத்திலும் இராஜஸ்தானிலும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களில், மழையில் நனைந்து சரியாகச் சேமிக்கப்படாமல் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் கல்லீரல் நோய் கண்டது. நோயுற்றவர் 397 பேர். இறந்தவர் 106 பேர். வேறு உணவு இல்லாத ஏழைகள் அவர்கள். பூசணம் பிடித்த தானியம் என்று தெரிந்தும் வீச மனம் வராதவர்களே அதை உண்கிறார்கள். குதிரின் மூடியில் தோன்றும் வேர்வை சிறிய செய்தி அன்று என்பதை இந்த எண்கள் சொல்லும்.

உலோகக் கலத்தில் வேர்வையைத் தடுப்பது எப்படி என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் துவாயேர் என்ற அறிஞர், இரும்புத் தகட்டுக் கலத்தைப் பூமிக்குள் புதைத்து அதில் கோதுமையை அடைத்துக் காக்கலாம் என்றார். மண்ணுக்கு அடியில் சில அடி ஆழத்தில் இரவு பகல் வேறுபாடு இல்லை. ஆகவே தகடு குளிரவும் இல்லை, வேர்க்கவும் இல்லை. நம் நாட்டில் பழங்காலத்தில் தானியக் குழி தோண்டியவர்களும் இந்த நிலையான வெப்பத்தின் பயனைப் பெற்றவர்களே. ஆனால் இரணியல் போன்ற ஊரில் அடைமழையில் நிலத்தடி நீர் ஏறிவிடும். இங்கே குழி உதவாது. தேயிலை வணிகர் வேறு வழி கண்டனர். இலங்கைத் தேயிலையை மரப் பெட்டியில் ஏற்றுமதி செய்தபோது, உள்ளே ஈயத் தாளும் பிற்காலத்தில் அலுமினியத் தாளும் வேய்ந்தனர். வெளியே மரம், உள்ளே உலோகம். தேயிலையை முன்கூட்டியே நன்றாக உலர்த்திவிடுவதால் உள்ளே வேர்க்க நீரே இல்லை. மரம் வெப்பத்தைத் தடுக்க, உலோகம் புறத்து ஈரத்தைத் தடுத்தது.

மரப்பெட்டியின் காலம் கப்பலில் முடிந்துபோன வரலாறும் இங்கே சேரும். 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்த அதே ஆண்டில் பிறந்த இந்த ஏற்பாடு, இன்று உலக வாணிகத்தையே தாங்குகிறது. இரணியலிலிருந்து மேற்கே கடலோரமாகச் சென்றால் வரும் விழிஞ்சத்தில், 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்து நின்றது. 2025 மே மாதம் அத்துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. கிழக்கே தூத்துக்குடியிலும் இந்தப் பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருப்பதைக் காணலாம். வெப்ப நாட்டில் மிளகையோ முந்திரியையோ காப்பிக் கொட்டையையோ இதில் அடைத்து அனுப்பினால், கப்பல் குளிர்கடலை அடைந்ததும் பெட்டியின் மேல்தகடு குளிர்ந்து உள்ளே நீர் சொட்டத் தொடங்கும். கப்பற்காரர்கள் இதைப் பெட்டி மழை என்கிறார்கள். சரக்கோடு, சரக்கை அடுக்கும் ஈரப் பலகைகளும் இந்த மழைக்கு நீர் தருகின்றன. உலர்ந்த பலகைகளையே இடுவது, தகட்டின் உட்புறம் தடித்த தாள் வேய்வது, ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடுப் பைகளைத் தொங்கவிடுவது, காப்பிக்குக் காற்றோட்டத் துளைகள் உள்ள பெட்டியை அமர்த்துவது எனப் பல தடைகளைக் கையாளுகிறார்கள். நம் முதியவள் கண்ட வேர்வையும் இந்த மழையும் ஒன்றே, அளவுதான் வேறு.

சிறு உழவர் வீட்டுக்கு ஏற்ற முறை மத்திய அமெரிக்காவில் நன்கு உருப்பெற்றது. ஹோண்டுராஸ் முதலிய நாடுகளில், சுவிட்சர்லாந்தின் உதவியோடு 1980-களில் தொடங்கிய ஓர் இயக்கம், உள்ளூர்த் தகர வேலைக்காரர்களுக்குப் பயிற்சி அளித்து, வீட்டுக்கு வீடு தகரக் குதிரை உண்டாக்கிற்று. களஞ்சியத்தைக் கொடுத்ததோடு நில்லாமல், அதை வைக்கும் முறையையும் கற்பித்ததே அவ்வியக்கத்தின் சிறப்பு என்பது என் கருத்து. நம் நாட்டில் சில இடங்களில் களஞ்சியம் வந்து சேர்ந்தது. முறை வந்து சேரவில்லை.

முறை இதுதான். நெல்லை 12 பங்கு ஈரம் வரும் வரையில் உலர்த்த வேண்டும். உலர்ந்த நெல்லைக் களத்துச் சூட்டோடு அள்ளிக் கொட்டக் கூடாது. ஓர் இரவு நிழலில் பரப்பி ஆறவிட்டு, மறுநாள் காலையில் அடைக்க வேண்டும். சூடான நெல்லை அடைத்தால் முதல் இரவிலேயே மூடி வேர்க்கும். குதிரை வெறுந்தரையில் வைத்தால் அடித்தகடு தரையின் குளிரை ஏற்கும். எனவே மரப்பலகை மேடையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்த வேண்டும். இயன்றவரை விளிம்புவரை நிரப்பிவிட்டால் மேலே காற்றுக்கு இடம் குறையும். மழை நாட்களில் அடிக்கடி திறந்தால் ஈரக் காற்றை நாமே அழைத்து உள்ளே விட்டவர் ஆவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, பகலில் வெயிலும் இரவில் வெட்டவெளி வானமும் அந்தத் தகட்டைக் காணக் கூடாது. வெல்ஸ் தம் தோட்டத்தில் நிறுத்திய பலகை இங்கேதான் பயன்படுகிறது. தகரக் கூரையின் கீழே வைப்பது வெட்டவெளியில் வைப்பதற்குச் சற்றே மேல், அவ்வளவுதான். தகரக் கூரை தானே சூடேறித் தானே குளிரும்.

இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். கால்களின்மேல் நிற்பது, சுவரை ஒட்டாதது, உள்ளறையில் இருப்பது, அடிக்கடி மூடியைத் திறக்காமல் கீழ்வாய் வழியே எடுத்துக்கொள்வது. இவை அனைத்தும் பத்தாயத்துக்கு உரிய ஒழுங்குகளே. தகரம் வந்தபோது மரத்தோடு சேர்த்து அந்த ஒழுங்குகளையும் மச்சுக்கு வெளியே எறிந்துவிட்டோம். பலா மரமும் அயனி மரமும் மீண்டும் வரப்போவதில்லை. இன்று பழைய பத்தாயங்கள் பலவற்றை மரத்துக்காகப் பிரித்து விற்றுவிட்டார்கள். இரணியலைச் சுற்றிய வயல்களில் பெரும்பகுதி தென்னையும் வாழையும் ஆகிவிட்டன. நெல் விளைவிப்பவருள்ளும் பலர் களத்திலேயே விற்றுவிடுகிறார்கள். ஆயினும் விதையும், வீட்டுச் சாப்பாட்டு அரிசியும், உளுந்தும், மிளகும் தகரத்தில்தான் இருக்கின்றன. நான் சொன்ன வீட்டார், அடுத்த ஆண்டு குதிரை மச்சிலிருந்து இறக்கிப் பழைய பத்தாயம் நின்ற அறையிலேயே, அதன் கால்கட்டைகளின்மேல் வைத்தார்கள். மூடியின்மேல் தடித்த கோரைப்பாயை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார்கள். நான் போனபோது மூடியைத் தூக்கி உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன். விரலில் ஈரம் ஒட்டவில்லை.

நெல்லின் ஈரத்தை அளக்கக் கருவி வேண்டுமே, அது எல்லார் வீட்டிலும் இருக்குமா என்று கேட்பீர்கள். பல்லில் கடித்து, கடக்கென்று முறியும் ஓசையைக் கொண்டு அறிவது பழைய வழி. பள்ளியில் நீங்களே செய்து பார்க்கத்தக்க மற்றொரு வழியும் உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு நெல்லை இடுங்கள். வெயிலில் காயவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி அதில் சேர்த்து மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் அசையாமல் வைத்திருங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் உப்பு ஒட்டிக்கொண்டால், நெல்லில் 15 பங்குக்கு மேல் ஈரம் இருக்கிறது. குதிரின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. உப்பு ஒட்டாமல் கீழே உதிர்ந்துவிட்டால் ஈரம் பதினைந்துக்குக் கீழ் என்று அறியலாம். பதினைந்துக்குக் கீழ் என்பது இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. இரணியல் உழவர் சொல்வதுபோல, மேலும் இரண்டு வெயில் காட்ட வேண்டும்.